வெளிநாட்டுச் சிறையிலிருந்து பாளையங்கோட்டை வரை: தண்டனைக் கைதிகள் மாற்ற ஒப்பந்தங்களை நாடாளுமன்றத்தின் வழியே கேள்விக்கு உட்படுத்துவது எப்படி?

இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து ஈரானுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் மீன்பிடிக்கப் போகிறவர்களும், மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் பகுதிகளிலிருந்து சவூதி அரேபியா, குவைத், துபாய் என்று வேலைக்குப் போகிறவர்களும் அங்கே ஒரு வழக்கில் சிக்கித் தண்டனை பெற்றுவிட்டால், ஊரில் இருக்கும் குடும்பம் முதலில் போய் நிற்கும் இடம் அவரவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவை நீட்டும் தாய்மார் கேட்பது இதுதான்: "எம்புள்ளய வெளியில விடாட்டாலும் பரவால்ல, பாளையங்கோட்டை செயிலுக்காவது கொண்டாந்துருவாவளா?"

அந்தக் கேள்விக்கான விடை ஆட்சியரின் கையில் இல்லை. இரு நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம் இருக்கிறதா, அதன் பிரிவுகள் என்ன சொல்கின்றன, அது நடைமுறையில் உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றையும் பொறுத்தது அது. இவற்றைக் கேள்வி கேட்கும் கடமையும் உரிமையும் நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஆயினும் உறுப்பினர்கள் தாமாகவே இந்தப் பொருளைக் கையில் எடுப்பது அரிது. வழக்கறிஞர்கள், ஜமாஅத் நிர்வாகிகள், தேவாலயப் பங்குப் பேரவையினர், மீனவர் சங்கத்தார், இதழாளர்கள் ஆகியோர் தங்கள் தொகுதி உறுப்பினரைக் கொண்டு அந்த ஆய்வை நடத்தவைப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

முதல் படி: பேசுவது எதைப் பற்றி என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

நான்கு வெவ்வேறு நடவடிக்கைகள் நம் ஊர் மனுக்களில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தண்டனை முடிந்தவரையோ விசா மீறியவரையோ சொந்த நாட்டுக்கு அனுப்புவது நாடு கடத்தல். ஒரு நாட்டில் குற்றம் செய்துவிட்டு மற்றொரு நாட்டில் இருப்பவரை விசாரணைக்காகவோ தண்டனைக்காகவோ ஒப்படைப்பது வேறு. அதற்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. மன்னிப்பு வழங்கி விடுவிப்பது அந்த நாட்டு ஆட்சியாளரின் அதிகாரம். இம்மூன்றும் அல்லாமல், வெளிநாட்டு நீதிமன்றம் விதித்த தண்டனையின் மீதிக் காலத்தைக் கைதி தன் சொந்த நாட்டுச் சிறையில் கழிப்பதே தண்டனைக் கைதி மாற்றம் ஆகும். இதில் விடுதலை இல்லை; சிறை மட்டுமே மாறுகிறது. குடும்பத்தாருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

2024 செப்டம்பரில் ஈரானிலிருந்து கடலுக்குப் போன இடிந்தகரைப் பகுதி மீனவர்கள் 28 பேர் எல்லை தாண்டியதாக பஹ்ரைன் கடலோரக் காவல் படையினரால் பிடிக்கப்பட்டனர். அவர்களுக்கு விதிக்கப்பட்ட 6 மாதத் தண்டனை 3 மாதமாகக் குறைக்கப்பட்டு, டிசம்பரில் அவர்கள் ஊர் திரும்பினர். பஹ்ரைனோடு இந்தியாவுக்குக் கைதிகள் மாற்ற ஒப்பந்தம் உண்டு. ஆனால் இத்தகைய குறுகிய தண்டனைக்கு அது பயன்படாது. இவ்வகை ஒப்பந்தங்கள் பொதுவாகக் குறைந்தது 6 மாதத் தண்டனையாவது மீதமிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அவர்களை மீட்டது தூதரக முயற்சியும் தண்டனைக் குறைப்புமே. எனவே எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முடிவு செய்த பிறகே நாடாளுமன்றத்தை நாட வேண்டும்.

இரண்டாம் படி: ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள்

நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சகம் அளித்த விடைகளின்படி இந்தியா 31 நாடுகளோடு இருதரப்பு ஒப்பந்தம் செய்துள்ளது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஈரான், இலங்கை, மாலத்தீவு, தாய்லாந்து, பிரிட்டன், மொரிஷியஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைத் தவிர, ஐரோப்பிய மன்றத்தின் 1983-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா 2018-இல் இணைந்தது. அமெரிக்கக் கண்ட நாடுகளின் உடன்படிக்கை ஒன்றிலும் இணைந்துள்ளது. நம் மக்கள் ஏராளமாகப் போகும் மலேசியா, சிங்கப்பூர், ஓமன் மூன்றும் அந்த 31 நாடுகளின் பட்டியலில் இல்லை. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி உறுப்பினர்கள் மூவரும் சேர்ந்து எழுப்பத்தக்க முதல் கேள்வி இந்த இடைவெளியைப் பற்றியதாகவே இருக்கலாம்.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தைச் செய்வது யார், நாடாளுமன்றம் எங்கே நிற்கிறது?

இந்திய அரசமைப்பின்படி வெளிநாட்டு ஒப்பந்தம் செய்வது ஒன்றியப் பட்டியலின் 14-ஆம் பதிவில் வருகிறது. அந்தப் பொருளில் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒப்பந்தம் செய்யும் நடைமுறையை ஒழுங்குபடுத்தும் சட்டம் எதையும் அது இயற்றவில்லை. ஆகவே 73-ஆம் உறுப்பின்படி அது அரசின் நிர்வாக அதிகாரமாகவே இயங்குகிறது. அமைச்சரவை ஒப்புதல் தருகிறது, அமைச்சரோ தூதரோ கையெழுத்திடுகிறார், பிறகு அரசு அதை உறுதிசெய்கிறது. இந்தத் தொடரில் எந்தக் கட்டத்திலும் மக்களவையோ மாநிலங்களவையோ வாக்களிப்பதில்லை. குடிமக்களின் உரிமையையோ நாட்டின் சட்டத்தையோ ஒப்பந்தம் மாற்றும்போதுதான் நாடாளுமன்றச் சட்டம் தேவைப்படும் என்பதை மகன்பாய் ஈஸ்வர்பாய் படேல் வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

கைதிகள் மாற்றத்தில் அந்தத் தேவை எழுந்தது. வெளிநாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஒருவரை இந்தியச் சிறையில் அடைக்க வேண்டுமானால் அதற்கு உள்நாட்டுச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும். அதற்காக இயற்றப்பட்டதுதான் 2003-ஆம் ஆண்டின் கைதிகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் சட்டம். ஆனால் அந்தச் சட்டம் ஒரு சட்டகத்தை மட்டுமே தருகிறது. எந்த நாட்டுக்கு அது பொருந்தும் என்பதை மத்திய அரசு அரசிதழ் அறிவிப்பால் முடிவு செய்கிறது. சட்டத்தை ஒருமுறை நிறைவேற்றிக் கொடுத்த நாடாளுமன்றம், அதன்பின் வந்த ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் முன்கூட்டியே பார்க்கும் வாய்ப்பைத் தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டது என்பது என் கருத்து.

பிரிட்டனில் நிலைமை வேறு. 1924 முதல் வழக்காக இருந்த நடைமுறை, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது: உறுதிசெய்ய வேண்டிய ஒப்பந்தங்களை, அவை கூடும் நாள்களில் 21 நாள் நாடாளுமன்றத்தின் பார்வையில் வைத்திருக்க வேண்டும், பொது அவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினால் அரசு மேலே போக முடியாமல் தடுக்கலாம். அங்கும் எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. 2008 நவம்பரில் லிபியாவோடு கையெழுத்தான கைதிகள் மாற்ற ஒப்பந்தத்தை ஆராய நாடாளுமன்றத்தின் மனித உரிமைகளுக்கான கூட்டுக் குழு கால அவகாசம் கேட்டது. குழு தன் பணியை முடிப்பதற்குள் 2009 ஏப்ரல் இறுதியில் அரசு அதை உறுதிசெய்துவிட்டது. ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் விமானத்தைக் குண்டுவைத்துத் தகர்த்த வழக்கில் தண்டனை பெற்ற லிபியர் ஒருவரின் பெயர் அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்தே பேசப்பட்டு வந்த நேரம் அது. அவர் 2009 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டது கருணை அடிப்படையில்தான். அந்த ஒப்பந்தத்தின் கீழ் அல்ல. ஆயினும் குழு கேட்ட அவகாசத்தைக் கொடுத்திருந்தால், ஒப்பந்தத்தின் மீது எழுந்த ஐயங்களுக்கு முறையான இடத்தில் விடை கிடைத்திருக்கும். ஆய்வுக்கு நாள் குறிப்பது மட்டும் போதாது, அந்த நாள் முடியும்வரை அரசு காத்திருக்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

நம் நாட்டில், அரசமைப்பின் செயல்பாட்டை ஆராய நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா தலைமையில் அமைந்த ஆணையம் 2002-இல் தந்த அறிக்கையில், ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்களில் மாநிலங்களின் நலனைக் கடுமையாகப் பாதிக்கும் ஒப்பந்தங்களுக்கு முன்பு மாநிலங்களோடு கலந்து பேசுவதையும் அது எடுத்துச் சொன்னது. சிறைகள் மாநிலப் பட்டியலின் 4-ஆம் பதிவில் இருக்கின்றன. தில்லியில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தின்படி கைதியை ஏற்றுக் காவலில் வைக்க வேண்டியது பாளையங்கோட்டை மத்திய சிறையோ புழல் சிறையோதான்.

நான்காம் படி: ஒப்பந்தத்தின் பிரிவுகளைப் பென்சிலோடு படியுங்கள்

நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஒப்பந்த வாசகத்தை வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தத் தொகுப்பில் பெறலாம். அங்கே கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அயல்நாட்டு உறவைக் காரணம் காட்டி 8-ஆம் பிரிவின்படி மறுக்க இடம் உண்டு என்பதால், பேச்சுவார்த்தைக் குறிப்புகளைக் கேட்காமல் கையெழுத்தான வாசகத்தையும் அரசிதழ் அறிவிப்பையும் மட்டும் கேட்பது நல்லது.

முதலில் கைதியின் சம்மதத்தைப் பற்றிய பிரிவைப் பாருங்கள். மாற்றத்துக்குக் கைதியின் சம்மதமும் இரு அரசுகளின் ஒப்புதலும் வேண்டும் என்பதே வழக்கமான ஏற்பாடு. அந்தச் சம்மதம் எந்த மொழியில் பெறப்படுகிறது, விளைவுகளை விளக்கிச் சொல்வது யார், இந்தியத் தூதரக அதிகாரி நேரில் உறுதிசெய்ய இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரபியில் எழுதிய தாளில் கைநாட்டு வைத்த ஒருவர் எதற்குச் சம்மதித்தார் என்பது அவருக்கே தெரியாமல் போகலாம்.

அடுத்தது, தீர்ப்பு இறுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை மாற்றம் நடக்காது. 2014 அக்டோபரில் போதைப்பொருள் வழக்கில் கொழும்பு உயர் நீதிமன்றம் ராமேஸ்வரம் மீனவர்கள் ஐவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தபோது, அவர்களை இந்தியச் சிறைக்கு மாற்றுவது பற்றிய பேச்சும் எழுந்தது. முடிவில் மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டு, நவம்பரில் அதிபர் மன்னிப்பு வழங்கி அவர்கள் விடுதலையானார்கள். விசாரணைக் கைதியாகவே ஆண்டுக்கணக்கில் உள்ளே இருப்பவருக்கும் இந்த ஒப்பந்தத்தால் பயன் இல்லை.

மூன்றாவதாக, செய்த செயல் இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அந்நாட்டில் மட்டுமே குற்றமாகக் கருதப்படும் ஒரு செயலுக்காகத் தண்டனை பெற்றவர், நம் பார்வையில் மிகக் குறைந்த தவறு செய்தவராக இருந்தும் இந்தப் பிரிவால் வெளியே நின்றுவிடுவார். இதற்கு விலக்கு அளிக்கும் வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். அபராதமோ பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடோ கட்டி முடித்தால்தான் மாற்றம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

தண்டனையின் அளவைப் பற்றிய பிரிவுதான் எல்லாவற்றிலும் கனமானது. உலகில் இதற்கு இரண்டு முறைகள் உண்டு. வெளிநாட்டுத் தண்டனையை அப்படியே தொடர்வது ஒன்று. அதே குற்றத்துக்கு உள்நாட்டுச் சட்டம் தரும் தண்டனையாக மாற்றியமைப்பது மற்றொன்று. 2003-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 13(6) பிரிவு, வெளிநாட்டுத் தண்டனை அதன் தன்மையிலோ காலத்திலோ இந்தியச் சட்டத்தோடு பொருந்தாவிட்டால் மத்திய அரசு அதைத் தகவமைக்கலாம் என்கிறது. ஆனால் தகவமைத்த தண்டனை இயன்றவரை மூலத் தண்டனையை ஒத்திருக்க வேண்டும், அதைவிடக் கடுமையாகிவிடக் கூடாது. மொரிஷியஸில் ஹெராயின் வழக்கில் 26 ஆண்டுத் தண்டனை பெற்று இந்தியாவுக்கு மாற்றப்பட்ட ஒருவர், இங்கே அந்த அளவு ஹெராயினுக்கு 10 ஆண்டுதான் உச்சத் தண்டனை என்று வாதாடினார். பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தண்டனை அளித்த நாடு விதித்த காலமே ஒப்பந்தப்படி கட்டுப்படுத்தும், இரு நாட்டுத் தண்டனை அளவுகள் வேறுபடுவதனாலேயே பொருந்தாமை வந்துவிடாது என்றது. ஊருக்கு வந்துவிட்டால் தண்டனை தானாகக் குறைந்துவிடும் என்று எண்ணும் குடும்பங்கள் ஏராளம். அந்த எண்ணத்தில் கைதி கையெழுத்திடக் கூடாது. வளைகுடா ஆட்சியாளர்கள் ரமலான் மாதத்தில் வழங்கும் பொதுமன்னிப்பு, மாற்றப்பட்ட பிறகும் அவருக்கு எட்டுமா என்பதையும் பொதுமன்னிப்புப் பிரிவை வைத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் தர வேண்டுமா என்ற இரண்டையும் தேடுங்கள். கால வரம்பு இல்லாத ஒப்பந்தம் கைதியின் தண்டனைக் காலத்தையே தின்றுவிடும்.

ஐந்தாம் படி: உறுப்பினரிடம் கொடுக்கும் வினாவை நீங்களே எழுதுங்கள்

"எங்கள் ஊர்க்காரரை மீட்டுத் தாருங்கள்" என்ற கோரிக்கையை வைத்துக்கொண்டு உறுப்பினரால் அமைச்சருக்குக் கடிதம் எழுத முடியும். நாடாளுமன்ற ஆய்வு நடத்த முடியாது. வினா 150 சொற்களுக்குள், அரசின் செயலைப் பற்றியதாக, நீதிமன்றத்தில் உள்ள வழக்கைத் தொடாததாக இருக்க வேண்டும். வினா நாளுக்குக் குறைந்தது முழுமையான 15 நாள்களுக்கு முன்பு அறிவிப்பு தர வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 வினாக்கள் மட்டுமே நட்சத்திரக் குறியோடு வாய்மொழி விடைக்கு எடுக்கப்படுகின்றன. குறியிடாத வினாக்கள் 230 வரை எழுத்துமூல விடை பெறுகின்றன. குலுக்கலில்தான் வரிசை முடிவாவதால், ஒரே பொருளில் பல உறுப்பினர்கள் தனித்தனியே அறிவிப்பு தருவது வாய்ப்பைக் கூட்டும்.

வெளியுறவு அமைச்சகத்திடம் கேட்பதா, உள்துறையிடம் கேட்பதா என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். தூதரக உதவியும் எண்ணிக்கையும் வெளியுறவு அமைச்சகத்தைச் சேரும்; மாற்ற விண்ணப்பங்களை முடிவு செய்யும் பொறுப்பு உள்துறை அமைச்சகத்தைச் சேரும். வெளிநாட்டுச் சிறைகளில் எத்தனை இந்தியர் என்று கேட்டால், விசாரணைக் கைதிகளையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் என்ற விடை அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது. அந்த எண்ணிக்கை கிடைத்ததோடு வினா முடிந்துவிடுவதுதான் குறை. கேட்க வேண்டியது ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"உள்துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா? (அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் குவைத், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் சிறைகளில் உள்ள இந்தியர்களிடமிருந்து பெறப்பட்ட மாற்ற விண்ணப்பங்கள் ஆண்டுவாரியாக எத்தனை; (ஆ) அவற்றுள் ஏற்கப்பட்டவை, மறுக்கப்பட்டவை, நிலுவையில் உள்ளவை எத்தனை; (இ) மறுப்புக்கான காரணங்கள் எவை, மறுத்தது இந்தியாவா மற்ற நாடா; (ஈ) மாநில அரசுகளின் அறிக்கைக்காகக் காத்திருப்பவை மாநிலவாரியாக எத்தனை; (உ) விண்ணப்பங்களை முடிக்கக் கால வரம்பு விதிக்கும் எண்ணம் அரசுக்கு உண்டா?"

இதில் (ஈ) பிரிவை விட்டுவிடாதீர்கள். அரசு வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் ஒன்று, மற்ற நாட்டின் தாமதம். ஆனால் கைதியின் குடியுரிமையைச் சரிபார்ப்பதும் அவரை ஏற்க மாநிலச் சிறை தயாரா என்று சொல்வதும் நம் மாநில நிர்வாகத்தின் வேலை. கோப்பு சென்னையில் கிடக்கிறதா, காவல் நிலையத்தில் கிடக்கிறதா என்பது இந்த ஒரு பிரிவால் வெளிப்படும்.

ஆறாம் படி: அமைச்சர் சொன்ன வாக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்ற விடையைக் கண்டு சோர்ந்து போகிறவர்கள் உண்டு. உண்மையில் அது உங்களுக்குக் கிடைத்த பிடி. அத்தகைய வாசகம் அரசின் உறுதிமொழியாகக் கணக்கிடப்பட்டு, அரசு உறுதிமொழிகள் குழுவின் பார்வைக்குப் போகிறது. 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் அமைச்சகம் குழுவிடம் நீட்டிப்பு கேட்க வேண்டும். வினா எண்ணையும் தேதியையும் குறித்துவைத்து, மூன்று மாதம் கழிந்ததும் உறுப்பினரின் அலுவலகத்துக்கு நினைவூட்டுங்கள். இந்தச் சிறு வேலையைச் செய்வோர் மிகக் குறைவு. செய்தால் பலன் உறுதியாக உண்டு.

ஏழாம் படி: குழுக்களின் கதவு

வெளியுறவு, உள்துறை ஆகிய இரண்டுக்கும் துறைசார் நிலைக்குழுக்கள் தனித்தனியே உள்ளன; ஒவ்வொன்றிலும் இரு அவைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர்கள் வரை இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அமைச்சகத்தின் செலவுக்கான மானியக் கோரிக்கைகளை ஆராயும்போது, வெளிநாட்டில் துன்பப்படும் இந்தியருக்கான நலநிதி எப்படிச் செலவானது, தூதரகச் சட்ட உதவி எவ்வளவு என்று துருவிக் கேட்க அங்கே இடமுண்டு. குழு கருத்துக் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது யாரும் குறிப்புரை அனுப்பலாம். குழுக் கூட்டம் மூடிய அறையில் நடந்தாலும் அறிக்கை பொதுவெளிக்கு வரும். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கும் விதிகள் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டியவை; அவற்றைச் சார்நிலைச் சட்டங்களுக்கான குழு ஆராயலாம். விண்ணப்பத்துக்குக் கால வரம்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஒப்பந்தத்தைத் திருத்துவதைவிட விதியைத் திருத்துவது விரைவான வழி. எனவே என் பரிந்துரை இந்தக் குழுவை நாடுவதே. மக்களவை மனுக்கள் குழுவுக்கும் உறுப்பினர் ஒருவரின் மேலொப்பத்தோடு பொது மனு அனுப்பலாம்.

எட்டாம் படி: சென்னையிலும் மதுரையிலும்

சட்டமன்ற உறுப்பினர் வழியே மாநில உள்துறையையும் அயலகத் தமிழர் நலத் துறையையும் கேட்பது நாடாளுமன்ற ஆய்வுக்கு இணையாகவே நடக்க வேண்டும். விண்ணப்பம் காரணமின்றிக் கிடப்பில் கிடந்தால், அதன்மீது முடிவெடுக்கும்படி உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதே விவகாரத்தைப் பற்றி அவையில் வினா எழுப்புவது தடைப்படும். ஆகவே எது முன், எது பின் என்று வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

உறுப்பினரைச் சந்திக்கப் போகும்முன்

ஒரு பக்கக் குறிப்பு போதும்: ஒப்பந்தத்தின் பெயர், கையெழுத்தான ஆண்டு, குறையுள்ள பிரிவு எண், முன்பு கேட்கப்பட்ட வினாக்களும் விடைகளும், நீங்கள் எழுதிய வினா. கைதியின் பெயரையோ வழக்கு விவரத்தையோ வினாவுக்குள் எழுதாமல் தனித் தாளில் வையுங்கள். பல நாடுகளின் தனியுரிமைச் சட்டத்தின்படி, கைதி சம்மதிக்காமல் அவரைப் பற்றிய விவரத்தை அந்நாட்டு அதிகாரிகள் நம் தூதரகத்துக்கே தருவதில்லை என்று அமைச்சகம் அவையில் பலமுறை விடை சொல்லியிருக்கிறது. ஆகவே சிறையிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும்போது, தம் விவரங்களை இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சம்மதம் என்று எழுதிக் கையொப்பமிட்டுச் சிறை நிர்வாகத்திடமே கொடுத்து, அதன் நகலையும் தேதியையும் குறித்து வைக்கும்படி கைதியிடம் சொல்லுங்கள். கூட்டத்தொடர் தொடங்கும் நாள் அறிவிக்கப்பட்டவுடனே இந்தக் கோப்பு உறுப்பினரின் மேசையில் இருக்க வேண்டும். தொடங்கிய பிறகு கொடுத்தால் 15 நாள் கணக்கில் முதல் இரண்டு வாரம் கைநழுவிப் போகும்.